ஒரே அளவு எஞ்சின். இரு வேறு வண்டிகள்

சென்ற கோடையில் மூன்று மாதங்கள் இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒக்ஸ்போட் நகருக்குத் தெற்கே, தேம்ஸ் நதியின் கரையில், அபிங்டன் என்றொரு பழைய ஊர் உண்டு. அவ்வூரின் ஒடுங்கிய தெரு ஒன்றில் அடுத்தடுத்த இரு வீடுகளின் முன்றிலில் இரண்டு கார்கள் நிற்கும். ஒன்று என் மருமகனுடையது. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ். மற்றது அயல்வீட்டுப் பெரியவருடையது. 1963ஆம் ஆண்டில் அதே ஊரில் இருந்த தொழிற்சாலையிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். முன்னது சாம்பல் நிறம், ஐவர் அமரலாம், பார்ப்பவர் கண் அதன்மேல் ஒரு கணமேனும் தங்காது. பின்னது கடுஞ்சிவப்பு, இருவருக்கே இடம், தெருவாற் போகிறவர் எவரும் அதைத் திரும்பிப் பாராமற் செல்வதில்லை.

முப்பத்துமூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்திற் பௌதிகம் படிப்பித்தவன் நான். எந்த இரு பொருளையும் அருகருகே கண்டால் ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழிற் பழக்கம். ஆயினும் இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் முதலில் எனக்கு எழவில்லை. பந்தயக் குதிரையையும் பாற்பசுவையும் எவர்தாம் ஒப்பிடுவர்? அந்த எண்ணத்தை எழுப்பியது ஓர் இலக்கம்.

அயல்வீட்டுப் பெரியவரும் ஆசிரியரே. சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. ஒருநாட் காலை அவர் தம் காரின் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த கைநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு இப்பால் நின்ற என்னைக் கண்டதும், "வாரும், நீர் விஞ்ஞானம் படித்தவர்; உமக்கு இது பிடிக்கும்" என்று அழைத்தார். அந்த நூலில் எஞ்சினின் கொள்ளளவு 1,798 கன சென்ரிமீற்றர் என்று குறிக்கப்பட்டிருந்தது. எங்கோ கண்ட இலக்கமாய் இருக்கிறதே என்று எண்ணியவாறு வீடு திரும்பி, மருமகனின் வண்டிப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். அங்கும் 1,798!

தற்செயல் என்று விட்டுவிட மனம் இடந்தரவில்லை. மேலும் தேடினேன். எம்.ஜி.பி.யின் சிலிண்டர் 80.26 மில்லிமீற்றர் அகலம். அதனுள் பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மில்லிமீற்றர். பிரியஸின் சிலிண்டர் 80.5 மில்லிமீற்றர் அகலம். பிஸ்டன் ஓடும் தூரம் 88.3 மில்லிமீற்றர். இரண்டிலும் சிலிண்டர்கள் நான்கு. முன்னது தருவது 95 குதிரைவலு. பின்னதன் பெற்றோல் எஞ்சின் தனியே தருவது 98. உலகின் இரு கோடிகளில், அரை நூற்றாண்டு இடைவெளியிற் பிறந்த இரண்டு எஞ்சின்களும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. நெஞ்சின் அளவு ஒன்றாயிருக்க, வண்டிகள் இரண்டும் இத்துணை வேறுபட்டது எவ்வாறு? அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

தட்டிக் கழித்ததில் வந்த அழகு

எம்.ஜி. என்னும் எழுத்துக்கள் 'மொறிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். வில்லியம் மொறிஸ் என்பவர் ஒக்ஸ்போட்டில் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அங்கே முகாமையாளராயிருந்த சிசில் கிம்பர், 1920களில், மொறிஸ் நிறுவனத்தின் சாதாரண கார்களின் அடிச்சட்டத்தின்மேல் இலகுவான, அழகான உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1929இல் அந்தத் தொழில் அபிங்டனுக்கு வந்தது. 1980இல் தொழிற்சாலை மூடப்படும் வரை அவ்வூரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவை அந்தச் சிறிய கார்களே.

எம்.ஜி.பி. வெளிவந்தது 1962ஆம் ஆண்டு செப்டெம்பரில். அதன் எஞ்சின் அதற்கென்றே படைக்கப்பட்டதன்று என்பதைப் பெரியவர் கூறியபோது நான் வியந்தேன். 1947இல் ஒஸ்ரின் நிறுவனத்தின் குடும்பக் கார் ஒன்றுக்காக உருவான எஞ்சினின் பரம்பரையில் வந்ததே அது. அதே 1,798 கன சென்ரிமீற்றர் எஞ்சினை, வலுவைச் சற்றுக் குறைத்து, 1964இல் ஒஸ்ரின் 1800 என்னும் அகன்ற குடும்பக் காரிலும் பொருத்தினார்கள். ஆகவே ஸ்போர்ட்ஸ் காருக்கும் குடும்பக் காருக்கும் நாம் கற்பிக்கும் சாதி வேற்றுமை அன்றே பொய்யாயிற்று. குடும்பக் காரின் எஞ்சினை எடுத்து, பின்னிருக்கையைத் தட்டி, கூரையைத் தட்டி, உயரத்தைத் தட்டி, எடையை 920 கிலோகிராம் அளவிற்குக் குறைத்தார்கள். மிஞ்சியது ஸ்போர்ட்ஸ் கார். அது கோடீசுவரரின் வண்டியன்று. இளம் ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுச் சேமிப்பிற் பழையதொன்றை வாங்கலாம். நம் பெரியவர் வாங்கியது 1971இல். தொழிலிற் சேர்ந்த மறு ஆண்டு. அதனாற்றான் பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் விற்பனையாயின.

பேணலும் பழகலும்

அவ்வண்டியை ஓட்டுவதிலும் பார்க்கப் பேணுவதே பெரிய கலை. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவன இரண்டு கார்புரேற்றர்கள். இரண்டும் சம அளவாகக் காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் எஞ்சின் நொண்டும். இதைச் சரிபார்க்கப் பெரியவர் கையாளும் கருவி ஒரு முழ இறப்பர்க் குழாய். ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியைக் கார்புரேற்றரின் வாயருகே பிடிப்பார். காற்று உட்புகும் சீறல் கேட்கும். பிறகு மற்றதன் வாயருகே பிடிப்பார். இரு சீறலும் ஒத்த குரலில் ஒலிக்கும் வரை சிறு திருகாணி ஒன்றை மெல்லத் திருப்புவார். சுருதி கூட்டும் வித்துவானின் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் அவர் முகம்.

இவ்வளவோடு முடிவதில்லை. கார்புரேற்றரின் மேற்குழிக்குள் மெல்லிய எண்ணெய் சில துளி விடவேண்டும். தீப்பொறியைப் பகிரும் கருவியின் முனைகளுக்கு இடையே ஒரு தகட்டை நுழைத்து இடைவெளியை அளக்க வேண்டும். முன் சில்லுகளின் மூட்டுகளுக்குக் கொழுப்பு ஏற்ற வேண்டும். பற்றறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 6 வோல்ற், இருக்கைகளுக்குப் பின்னே, எட்டாத குழியில் இருக்கின்றன. ஈயம் கலந்த பெற்றோலைக் குடித்துப் பழகிய எஞ்சின் அது. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பெற்றோலின் பொது விற்பனை நின்றபோது, வால்வுகள் அமரும் இடங்களில் உறுதியான உலோக வளையங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. அந்த ஈயம் எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். "தெருவில் நின்ற பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளே" என்றார் பெரியவர். தம் வண்டியின் குற்றங்களை மறைக்காதவர் அவர்.

ஆடி மாதத்து வெயில் காலையொன்றில் அவரோடு அதிற் போனேன். ஆசனம் நிலத்திலிருந்து ஒரு முழ உயரம் இராது. முதற் கியருக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இலேசிற் புகமுடியாது. பற்சில்லுகளின் வேகத்தை எஞ்சின் ஒலியால் அறிந்து, காலும் கையும் ஒத்திசைந்தாற்றான் அது இணங்கும். வான்டேஜ் என்னும் ஊரைக் கடந்து, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தால் வளைந்து செல்லும் வீதியில் மேற்கு நோக்கிப் போனோம். காற்று முகத்தில் அறைந்தது. வெட்டிய புல்லின் மணமும், சூடேறிய எண்ணெயின் மணமும் மாறி மாறி வந்தன. வீதியின் ஒவ்வொரு தழும்பும் முதுகெலும்பில் எழுதப்பட்டது. வளைவொன்றில் நான் கதவை இறுகப் பிடித்தேன். எழுபது மைல் வேகம் இருக்கும் என்று எண்ணி மானியைப் பார்த்தால் முள் நாற்பத்தைந்தில் நின்றது!

அந்த வீதியின் மேலே, அஃபிங்டன் குன்றின் சரிவில், ஒரு வெண்குதிரை ஓடுகிறது. புல்லை அகழ்ந்து, பள்ளத்திற் சுண்ணாம்புக் கல்லை நிரப்பி வரைந்த உருவம். நீளம் ஏறத்தாழ 110 மீற்றர். வயது மூவாயிரம் ஆண்டளவு என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. சில கோடுகளில் வேகத்தையே வரைந்து காட்டிய அந்தப் பெயரறியாச் சித்திரகாரனை வணங்கத் தோன்றியது. ஆனால் பெரியவர் எனக்குக் காட்ட விரும்பியது வேறொன்று. "சில காலம் எவரும் கவனியாது விட்டாற் புல் மூடிவிடும். நூற்றைம்பது தலைமுறை மனிதர் இதன் மேனியைச் சுரண்டித் துப்புரவாக்கிப் புதிய சுண்ணாம்பு இட்டுவந்ததனால் இது இன்றும் ஓடுகிறது. இப்போதும் தொண்டர்கள் வந்து சுத்தியலால் சுண்ணாம்பை இடிக்கிறார்கள். என் வண்டியும் அப்படித்தான்" என்றார்.

அன்றிரவு நான் நெடுநேரம் விழித்திருந்தேன். நான் ஒரு கட்சியிற் சேர்ந்துவிட்டேன் என்றே எண்ணினேன்.

ஓசையில்லாத அற்புதம்

மறுவாரம் மருமகன் அதே வீதியால் என்னைப் பிரியஸிற் கொண்டுபோனார். கதவை மூடியதும் உலகம் வெளியே நின்றுவிட்டது. புல்லின் மணம் இல்லை, காற்றின் அறையில்லை, முதுகெலும்பில் எழுத்தொன்றும் இல்லை. வெண்குதிரைக் குன்றின் அடிவாரம் வந்தபோது, "மாமா, நித்திரையாய்ப் போனீங்களோ?" என்று அவர் கேட்டார். உண்மையில் நான் கண்ணயர்ந்துதான் இருந்தேன். முன்பு நான் கதவைப் பிடித்த அதே வளைவை அதே வேகத்திற் கடந்திருந்தோம்.

வீடு வந்து இலக்கங்களைப் பார்த்தேன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகம் எய்த எம்.ஜி.பி.க்கு 12 வினாடிக்குச் சற்று மேற் செல்லும்; பிரியஸுக்குப் பத்து வினாடியளவு போதும். உச்ச வேகம் முன்னதற்கு 103 மைல், பின்னதற்கு 112. பந்தயக் குதிரையைப் பாற்பசு முந்திவிட்டது! அதுவும் 1,380 கிலோகிராம் அளவு எடையைச் சுமந்துகொண்டு. பெற்றோற் கணக்கோ இன்னும் வியப்பானது. ஒரு கலனுக்கு எம்.ஜி.பி. ஓடுவது இருபத்தைந்து மைலளவு; பிரியஸ் ஓடுவது அறுபது மைலளவு.

"தம்பி, இது எப்படி முடிகிறது?" என்று மருமகனைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது மாமா, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்றார். ஒன்பது ஆண்டுகளாக அந்த வண்டியை வைத்திருப்பவர். பொனற்றைத் திறந்தது கண்ணாடி கழுவும் நீர் ஊற்றுவதற்கு மட்டும். திறந்து காட்டும்படி கேட்டேன். கறுப்புப் பிளாஸ்ரிக் மூடியொன்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு கிடந்தது. கேட்பதற்குச் சீறலும் இல்லை. திருப்புவதற்குத் திருகாணியும் இல்லை.

நானோ விடுவதாயில்லை. ஊர் நூல்நிலையத்திற் சில நாட்கள் அமர்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, என் கட்சிப்பற்றுக் கரையத் தொடங்கியது.

பிரியஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'முன்னே' என்று பொருள். 1997ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் கூடி இயக்கும் 'ஹைபிரிட்' கார்களுள், பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதலாவது. நான் ஏறியது அதன் மூன்றாம் தலைமுறை, 2009இல் வந்தது. அதன் எஞ்சின் பின்பற்றும் முறையை 1880களில் எண்ணி வெளியிட்டவர் ஜேம்ஸ் அற்கின்சன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். சாதாரண எஞ்சினில், உள்ளிழுத்த வாயுவைப் பிஸ்டன் எவ்வளவு தூரம் நெருக்குகிறதோ, எரிந்த வாயு அவ்வளவு தூரமே விரிந்து பிஸ்டனைத் தள்ளும். தள்ளி முடியும்போது வாயுவில் இன்னும் வலு எஞ்சியிருக்கும். அது புகைபோக்கி வழியே வீணாகும். நெருக்கும் தூரத்தைக் குறைத்து, விரியும் தூரத்தை நீட்டினால், அந்த வலுவிலும் ஒரு பங்கை வேலை வாங்கலாம் என்பதே அற்கின்சனின் யுக்தி. பிரியஸ் இதை எளிதாகச் செய்கிறது: உள்வால்வைச் சற்றுப் பிந்தி மூடுகிறது. உள்ளே வந்த காற்றிற் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடுகிறது. கடையிற் கொள்வது குறைவு. உழைப்பது முழு நாள். ஆங்கிலேயர் ஒருவர் விதைத்ததை ஜப்பானியர் அறுவடை செய்தனர்.

ஆனால் இம்முறையில் எஞ்சின் சாந்தமாகிவிடும். திடீர் வேகம் தராது. அந்தக் குறையை நிரப்ப வருவன இரண்டு மின்பொறிகள். அவற்றுக்கு டொயோட்டாப் பொறியியலாளர் இட்ட பெயர்களைக் கண்டு தனியே சிரித்தேன். எம்.ஜி.1, எம்.ஜி.2! மோட்டாராகவும் மின்பிறப்பாக்கியாகவும் தொழில் செய்வதனால் வந்த சுருக்கம் அது. அபிங்டனுக்கும் அதற்கும் உறவில்லை. எனினும் ஒரு பெயர் நம்மைத் தொடர்ந்து வருவதில் ஏதோ ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது.

இம்மூன்றையும் இணைக்கும் பற்சில்லுத் தொகுதியே அந்தக் காரின் உயிர் நாடி. நடுவே ஒரு சிறு சில்லு. அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி உருளும் சில்லுகள் கிரகங்கள். அவற்றை வெளியே வளைத்து நிற்பது உட்பற்கள் கொண்ட வளையம். எஞ்சின் கிரகங்களைத் தாங்கும் சட்டத்தைச் சுழற்றும். சூரியன் முதலாம் மின்பொறியோடும், வளையம் சில்லுகளோடும் இரண்டாம் மின்பொறியோடும் சேர்ந்திருக்கும். எஞ்சினின் முறுக்கத்தில் ஏறத்தாழ 72 வீதம் வளையத்திற்கும் 28 வீதம் சூரியனுக்கும் எப்போதும் பிரிந்து போகும். சூரியனின் வேகத்தை மின்சாரத்தாற் கூட்டிக் குறைத்தாற் போதும். கியர் மாற்றாமலே, கிளச் இல்லாமலே, வண்டி எந்த வேகத்திலும் ஓடும். பிறேக் போடும்போது, எம்.ஜி.பி.யின் இயக்கசக்தி முழுவதும் வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிட, பிரியஸின் இயக்கசக்தியில் ஒரு பங்கு மின்சாரமாகிப் பற்றறிக்குத் திரும்புகிறது. மாணவர்க்குச் சக்திக் காப்பு விதியைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்கு வாய்த்ததில்லை. பெரியவரின் வண்டி செவிக்கு விருந்து. மருமகனின் வண்டியும் விருந்துதான், ஆனால் அது படித்தறிந்தபின்னரே இலை போடுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இவ்வகைக் கார்கள் ஓசையின்றி வருவதால் நடப்போருக்கு ஆபத்து என்று கண்டு, மெல்ல ஓடும்போது அவை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அது 2019 ஜூலையில் புதிய வகை வண்டிகளுக்கும், 2021 ஜூலையிற் புதிதாக விற்கப்படும் எல்லா ஹைபிரிட், மின் வண்டிகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஓசையை ஒழிக்க நூறாண்டு உழைத்த பொறியியலாளர், ஓசையை உண்டாக்க மீண்டும் மேசையில் அமர்ந்தனர்.

ஒரு பழைய காயம்

இவ்வாறு இரு வண்டிகளுக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தபோது, பெரியவர் ஒருநாள் என் பேத்தியைக் கேட்டார். அவளுக்கு ஏழு வயது. "ஞாயிற்றுக்கிழமை வெண்குதிரை பார்க்கச் சிவப்புக் காரில் வருகிறாயா?" என்றார். அவள் துள்ளினாள். மகளும் மருமகனும் வீட்டில் இல்லை. தொலைபேசியிற் கேட்டபோது, "நீங்கள் அங்கே நிற்கிறீங்கள்தானே அப்பா, நீங்களே முடிவு செய்யுங்கோ" என்றாள் மகள்.

முடிவு செய்யும்படி கேட்டதும் எனக்கு அண்ணரின் நினைவு வந்தது.

அண்ணர் என் பெரியதாயாரின் மூத்த மகன், நில அளவையாளர். 1966இல் திறந்த இரு ஆசனக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஊரிற் சிறுவராயிருந்த எங்களை ஒருவர்பின் ஒருவராக ஏற்றிக் கோயில் வீதியைச் சுற்றிக் காட்டுவார். என் வாழ்க்கையில் நான் முதன்முதல் அறிந்த வேகம் அது. மறு ஆண்டு, ஆனையிறவுக்கு அப்பால், கண்டி வீதியில், இரவு நேரத்தில், நடுவீதியிற் படுத்திருந்த மாட்டை விலத்தப் போய்ப் பாலை மரமொன்றில் மோதினார். முப்பத்தைந்து மைல் வேகத்திற்கு மேல் இராது என்றார்கள். வண்டியின் முன்பக்கம் ஒரு முழமளவே நெளிந்திருந்தது. பிறகு அதைத் திருத்தி எவரோ ஓட்டினார்கள். அண்ணரின் மார்பிற் சுக்கான் தண்டு பாய்ந்திருந்தது. அவருக்கு வயது இருபத்தொன்பது.

அந்த வண்டியைக் குறை கூறுவதிற் பயனில்லை. அக்காலத்து வண்டிகள் பலவும் அப்படியே இருந்தன. அவற்றின் சுக்கான் தண்டு சாரதியின் நெஞ்சை நோக்கி நீட்டிய ஈட்டி. ஆனால் பௌதிகம் படித்தபின் நான் அறிந்த செய்தி ஒன்று என்னை வருத்திக்கொண்டேயிருந்தது. மூன்று இடங்களில் உடலைப் பிணிக்கும் ஆசனப் பட்டியை, சுவீடன் நாட்டின் வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இலேயே அமைத்துவிட்டார். அந்நிறுவனம் அதை மற்றவர்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. மோதலில் மடங்கி ஒடுங்கும் சுக்கான் தண்டு, அண்ணர் இறந்த அதே 1967இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களிற் பொருத்தப்பட்டிருந்தது. மருந்து உலகில் இருந்தது; எங்கள் வீதிக்கு வந்து சேரவில்லை.

மருமகனின் கார் 2009இல் ஐரோப்பிய மோதற் பரிசோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற வகை. மோதினால் முன்பக்கம் தானே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஏழு காற்றுப்பைகள் விரியும். ஈரத்திற் சறுக்கினால் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தடுத்து நேராக்கும். நான் முன்பு கண்ணயர்ந்த அந்த அமைதியின் பெயர் சோர்வன்று என்பதை அன்று உணர்ந்தேன். எத்தனையோ அண்ணர்மாரின் மரணத்திலிருந்து கற்ற பாடங்கள் அதனுள்ளே தகடும் பட்டியுமாய் அமைந்திருக்கின்றன. எம்.ஜி.பி. தன் எசமானிடம் கவனத்தைக் கேட்கிறது. பிரியஸ் தன் எசமான்மேற் கவனம் வைக்கிறது.

பெரியவரிடம் சென்று, பேத்தியை அனுப்ப இயலாது என்று கூறினேன். காரணத்தையும் கூறினேன். என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "என் மகள் சிறுமியாயிருந்தபோது, மனைவி அவளை இதில் ஏற்றவிட்டதில்லை. நான் அப்போது கோபித்தேன்" என்றார். பிறகு, "முழங்கால் இப்போது கிளச்சை மிதிக்க மறுக்கிறது. மாரிக்கு முன் விற்றுவிடுவேன். அதற்குள் யாருக்காவது காட்ட வேண்டும் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை" என்றார்.

இறப்பர்க் குழாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை எவரும் எங்கும் போகவில்லை. காலை பத்து மணிக்குப் பெரியவர் வேலிக்கு மேலால் என் பேத்தியைக் கூப்பிட்டார். சிவப்புக் காரின் பொனற் திறந்திருந்தது. எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அவளை ஒரு பெட்டியின்மேல் ஏற்றி நிறுத்தி, தலைமயிரைக் கட்டிவிட்டு, சுழலும் விசிறிப் பக்கம் கை போகாதபடி தம் கையால் மறித்துக்கொண்டு, இறப்பர்க் குழாயை அவள் காதில் வைத்தார்.

அவள் கண்கள் விரிந்தன. "அம்மப்பா, பாம்பு!" என்றாள். குழாயை மற்றதற்கு மாற்றினார். சிறிது நேரம் கேட்டாள். "இந்தப் பாம்பு மெல்லச் சீறுது" என்றாள். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. திருகாணியை அவள் கையிற் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். இரண்டு பாம்புகளும் ஒரே குரலில் சீறத் தொடங்கியபோது, இரைச்சல் மாறி எஞ்சின் சீராகப் பாடியது. அதை நானும் கேட்டேன்.

வீடு திரும்பியதும் அவள் செய்த முதற் காரியம், குழாயை எடுத்துப்போய்த் தகப்பனின் காரின் மூடியில் வைத்துக் கேட்டதுதான். எதுவும் கேட்கவில்லை. "இது ஏன் பேசாது, அம்மப்பா?" என்று கேட்டாள்.

முப்பத்துமூன்று ஆண்டு ஆசிரியத் தொழிலில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில், ஒரு பெரிய தட்டின் விளிம்புக்குள் மூன்று சிறிய போத்தல் மூடிகளையும் நடுவே ஒரு மூடியையும் வைத்துச் சூரியனையும் கிரகங்களையும் சுழற்றிக் காட்டினேன். பேத்தி பார்த்தாள். சிறிது நேரத்தில் மருமகனும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். "இதுவோ மாமா என் காருக்குள்ளே இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது சோறு ஆறிப்போயிருந்தது.

எந்த வண்டி சிறந்தது என்று இப்போது என்னைக் கேட்பவர்க்கு நான் தயங்காமல் விடை கூறுவேன்: என் பேரப்பிள்ளை ஏற வேண்டியது பிரியஸில். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்மைக் காக்கும் பொருளை நாம் அறியாதிருக்கலாம் என்று அந்த வண்டி ஒருபோதும் கூறவில்லை. அது நாமாக எடுத்துக்கொண்ட சலுகை. பழைய வண்டி அறிவை வற்புறுத்தி வாங்கியது. புதிய வண்டி வற்புறுத்துவதில்லை. ஆதலால் வற்புறுத்தும் கடமை ஆசிரியராகிய நம்மேல் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் ஊர் திரும்பிய பின், ஐப்பசியில், பெரியவர் தம் வண்டியை விற்றுவிட்டதாக மகள் எழுதினாள். வாங்கியவர் அதே ஊர் இளைஞர். கைநூல், அளவுத் தகடு, கொழுப்பேற்றும் பொறி எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்தாராம். இறப்பர்க் குழாயை மட்டும் கொடுக்கவில்லை. அது இப்போது என் பேத்தியின் படிப்பு மேசையில் இருக்கிறது.